‘போர்ட்வாக் எம்பயர்’ இரண்டாம் சீசன் இறுதி எபிசோட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே கதை முழுவதும் உடைகிறது. தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், இரண்டாம் சீசனை முடித்துவிட்டு வாருங்கள். தொடரின் கடைசி எபிசோடைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு தடவை எச்சரிக்கிறேன்.

எந்த எபிசோடைப் பற்றி இந்தப் பக்கம்?

எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் தயாரித்த ‘போர்ட்வாக் எம்பயர்’ தொடரின் இரண்டாம் சீசனில் பன்னிரண்டாவது, அதாவது கடைசி எபிசோட். பெயர் ‘டு தி லாஸ்ட்’. அமெரிக்காவில் 2011 டிசம்பர் 11 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் தொடரை உருவாக்கிய டெரன்ஸ் வின்டர், இயக்கியவர் டிம் வான் பேட்டன்.

தொடரில் மொத்தம் ஐந்து சீசன்கள், 56 எபிசோடுகள். அவற்றில் ஒன்றை வைத்து மட்டும் இத்தனை வருடமாகச் சண்டை நடக்கிறது என்றால் அது இதுதான். முதல் எபிசோடை மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்கினார், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மியும் வாங்கினார். ஆனாலும் தொடரைப் பார்த்தவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு அந்த முதல் எபிசோடுக்குப் போவதில்லை. “ஜிம்மியைக் கொன்றது சரியா?” என்பதில்தான் போய் நிற்கிறது.

தொடரைப் பார்க்காதவருக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நியூ ஜெர்சி மாநிலத்தில் கடலோரத்தில் இருக்கும் ஊர் அட்லான்டிக் சிட்டி. கடற்கரையை ஒட்டி நீளமாகப் போகும் மரப்பலகை நடைபாதைதான் ‘போர்ட்வாக்’. 1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வருகிறது. ஊரின் கருவூல அதிகாரி நக்கி தாம்சன் (ஸ்டீவ் புஸ்ஸெமி) பகலில் அரசியல்வாதி, இரவில் கள்ளச்சரக்கு வியாபாரி. அவன் கையில் பிள்ளை மாதிரி வளர்ந்தவன் ஜிம்மி டார்மடி (மைக்கேல் பிட்). பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு முதல் உலகப் போருக்குப் போய், காலில் காயத்தோடும் மனதில் அதைவிடப் பெரிய காயத்தோடும் திரும்பி வந்தவன்.

இந்த உறவுக்கு அடியில் ஒரு பழைய பாவம் இருக்கிறது. ஜிம்மியின் தாய் கில்லியன் சிறுமியாக இருந்தபோது, ஊரை ஆண்டுகொண்டிருந்த ‘கமோடோர்’ என்ற பெரிய மனிதரிடம் அவளைக் கொண்டுபோய் விட்டதே நக்கிதான். அப்படிப் பிறந்தவன்தான் ஜிம்மி. நக்கி அவனை வளர்த்தது பாசத்தாலா, குற்ற உணர்ச்சியாலா என்பது கடைசி வரை பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

இரண்டாம் சீசனில் ஜிம்மி, கமோடோர், நக்கியின் தம்பி எலை மூவரும் சேர்ந்து நக்கியைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். நக்கியைச் சுட ஆள் அனுப்பவும் ஜிம்மி தலையாட்டுகிறான். குண்டு நக்கியின் கையைத் துளைத்துக்கொண்டு போகிறது, உயிர் பிழைக்கிறான். அப்புறம் எல்லாம் ஜிம்மிக்கு எதிராகத் திரும்புகின்றன. பிலடெல்பியாவைச் சேர்ந்த கசாப்புக்கடைக்காரனும் சரக்கு வியாபாரியுமான மேனி ஹார்விட்ஸ், பணப் பகையில் ஜிம்மியைத் தேடி வீட்டுக்கு வந்து அவன் மனைவி ஆஞ்செலாவைக் கொன்றுவிடுகிறான். இறுதி எபிசோட் தொடங்கும்போது ஜிம்மியிடம் மிச்சம் இருப்பது ஒரு மகன், ஒரு நண்பன், அவனை விடாமல் பிடித்துவைத்திருக்கும் ஒரு தாய். அவ்வளவுதான்.

அந்தக் கடைசிக் காட்சியில் சரியாக என்ன நடக்கிறது?

எபிசோட் முழுக்க ஜிம்மி பாவமன்னிப்புத் தேடி ஓடுகிறான். நண்பன் ரிச்சர்ட் ஹாரோவோடு (ஜாக் ஹஸ்டன், போரில் பாதி முகத்தை இழந்து தகர முகமூடி அணிந்திருப்பவன்) கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கூட்டத்துக்குள் புகுந்து, கறுப்பின மக்களின் தலைவன் சாக்கி ஒயிட்டின் ஆட்களைக் கொன்றவர்களைப் பிடித்து அவனிடமே ஒப்படைக்கிறான். நக்கி மேல் நடக்கும் வழக்கில் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லவிருந்த நகரசபை உறுப்பினர் நீரியைத் துப்பாக்கி முனையில் உட்காரவைத்து வாக்குமூலம் தட்டச்சு செய்ய வைத்து, தற்கொலை போலத் தெரியும்படி முடிக்கிறான். நக்கியோ, மனைவியைக் கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வற்புறுத்த முடியாது என்பதால், தன்னோடு வாழும் காதலி மார்கரெட்டைத் திருமணம் செய்துகொள்கிறான். வழக்கு சரிகிறது. இருவருக்கும் இடையில் சமாதானம் வந்துவிட்டது போலத் தோன்றுகிறது.

பிறகு இரவில் தொலைபேசி வருகிறது. மேனி ஹார்விட்ஸ் சிக்கிவிட்டான், வா என்று. கூட வருகிறேன் என்ற ரிச்சர்டை விட்டுவிட்டு ஜிம்மி தனியாகப் போகிறான். கொட்டும் மழை. இடம், போர் நினைவுச்சின்னம். சில எபிசோடுகளுக்கு முன்னால் இதே நினைவுச்சின்ன விழாவில் நாட்டுக்காகப் போராடியவன் என்று அவனைப் பேச அழைத்திருந்தார்கள். இப்போது அங்கே நக்கி நிற்கிறான், எலை நிற்கிறான், கட்டிப்போடாத மேனியும் நிற்கிறான்.

ஜிம்மி அதிர்ச்சி அடைவதில்லை. ஆயுதம் எதுவும் கொண்டு வரவில்லை என்பது தெரிகிறது. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தே வந்திருக்கிறான். நக்கியின் கை நடுங்குவதைப் பார்த்து, முதல் முறை ஆளைக் கொல்வது எப்படி இருக்கும், அப்புறம் என்ன ஆகும், கடைசியில் தன்னைத் தீர்ப்புச் சொல்லத் தான் மட்டுமே மிஞ்சுவோம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறான். தான் பல வருடம் முன்பே பதுங்குகுழியிலேயே செத்துவிட்டதாகவும், அது நக்கிக்குத் தெரியும் என்று நினைத்ததாகவும் சொல்கிறான். நக்கி சுடுகிறான். ஜிம்மியின் கண்ணில் கடைசியாக ஓடுவது போர்க்களத்துப் பதுங்குகுழி. தான் மன்னிப்புத் தேடவில்லை என்று நக்கி சொல்வதோடு இரண்டாவது குண்டு.

சாகப் போகிறவன், கொல்பவனுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்கும் காட்சி இது. குற்றத் தொடர்களில் நான் பார்த்தவற்றில் இதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

‘டு தி லாஸ்ட்’ என்றால் என்ன பொருள்?

மதுக்கோப்பையை உயர்த்தி, இல்லாதவர்களை நினைத்துச் சொல்லும் வாக்கியம். தமிழில் ஒரே சொல்லில் கொண்டுவருவது கடினம். ‘மாண்டவர்களுக்காக’ என்று சொன்னால் போரில் இறந்தவர்கள் மட்டும் வருகிறார்கள். ‘தொலைந்தவர்களுக்காக’ என்று சொன்னால்தான் உயிரோடு திரும்பி வந்தும் வழி தெரியாமல் போன ஜிம்மியும் ரிச்சர்டும் உள்ளே வருகிறார்கள். தலைப்பைக் கடைசிக் காட்சியோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது பொருள்தான் பொருந்துகிறது.

அப்போது விமர்சகர்கள் எதைப் பாராட்டினார்கள்?

முதலாவது, துணிச்சல். மைக்கேல் பிட்டின் பெயர் தொடக்கப் பட்டியலில் ஸ்டீவ் புஸ்ஸெமிக்கு அடுத்ததாக வரும். கிட்டத்தட்ட இரண்டாவது நாயகன். அப்படிப்பட்ட ஒருவனை, தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் சீசனில் கொல்வது அன்றைய தொலைக்காட்சியில் சாதாரணமாக நடக்கும் விஷயம் இல்லை.

இரண்டாவது, நடிப்பு. அதுவரை மைக்கேல் பிட்டின் நடிப்பை எல்லோரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டதில்லை. அடக்கி வாசிக்கிறாரா, ஆர்வமில்லாமல் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கடைசி இரண்டு எபிசோடுகளைப் பார்த்த பிறகு, அந்த மந்தமே பாத்திரத்தின் குணம் என்று பலருக்குப் புரிந்தது. உள்ளே ஏற்கெனவே செத்துப்போனவனை அவர் இருபத்து நான்கு எபிசோடுகளாக நடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, இயக்கம். மழை, இருட்டு, முகங்கள் மட்டும். பின்னணி இசையை வைத்து அழவைக்கும் முயற்சி இல்லை. இந்தத் தொடரைப் பற்றி அடிக்கடி சொல்லப்பட்ட குறை, அரங்கமும் ஆடையும் அழகு, ஆனால் உள்ளே உயிர் குறைவு என்பது. முதல் எபிசோடுக்கே சுமார் 1.8 கோடி டாலர் செலவானதாகச் செய்தி வந்தது. புரூக்ளினில் நடைபாதையின் ஒரு பகுதியையே அரங்கமாகக் கட்டினார்கள். அந்த ஆடம்பரம் எதுவும் கண்ணில் படாத இடத்தில் தொடரின் மிகச் சிறந்த காட்சி அமைந்தது.

குறை சொன்னவர்கள் என்ன சொன்னார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். குறைகளில் பாதி நியாயமானவை என்று நான் நினைக்கிறேன்.

ஒரு குறை, ஜிம்மியைத் தீர்த்துக்கட்டுவதற்காகக் கதை கடைசி மூன்று எபிசோடுகளில் அவசர அவசரமாகத் துயரங்களை அடுக்கியது என்பது. பத்தாவது எபிசோடில் மனைவி கொலை. பதினொன்றில் பிரின்ஸ்டன் நாட்கள், தாயோடு நேர்ந்த தகாத உறவு, தந்தை கமோடோரைக் கொல்வது எல்லாம் ஒரே மூச்சில். பன்னிரண்டில் மரணம். தாயும் மகனும் சம்பந்தப்பட்ட அந்தப் பகுதி கிரேக்க நாடகத்தை அப்படியே தூக்கி வைத்தது போல இருக்கிறது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கில்லியனின் பார்வையிலும் தொடுகையிலும் முதல் சீசனிலிருந்தே ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரியும். அதைத் தெரிந்தும் தெரியாமலும் விட்டிருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும். வெளிப்படையாகக் காட்டியதில் ஜிம்மியின் சாவுக்குப் பக்கத்திலேயே ஒரு காரணச்சீட்டை ஒட்டி வைத்தது போல ஆகிவிட்டது.

இன்னொரு குறை, ஆஞ்செலாவின் கொலை. தனக்கென்று ஓவியமும் காதலும் கனவும் வைத்திருந்த ஒரு பெண், கணவனின் வீழ்ச்சிக்கு ஒரு படியாக மட்டும் முடிந்துபோனாள். இறுதி எபிசோடில் அவள் இழப்பு ஜிம்மியின் முகத்தில் தெரிகிறது, ஆனால் அவளுக்கென்று ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தக் குறைக்கு என்னிடம் பதில் இல்லை. இது உண்மையான ஓட்டைதான்.

மூன்றாவது குறைதான் அதிகம் ஒலித்தது: ஜிம்மி போனால் தொடரை யார் தாங்குவது? நக்கி யோசித்துக் கணக்குப் போடும் ஆள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. பார்க்கிறவர்களின் மனசு ஒட்டிக்கொண்டிருந்தது ஜிம்மியோடும் ரிச்சர்டோடும். இதயத்தைப் பிடுங்கிவிட்டு மூளையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி நடப்பீர்கள் என்று கேட்டார்கள். இது கலைக் குறை இல்லை, பயம். அந்தப் பயம் எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்குக் கீழே வருகிறேன்.

பார்வையாளர்களை அதிர வைப்பதற்காகத்தானே கொன்றார்கள்?

இல்லை என்றே சொல்வேன்.

முதல் எபிசோடிலேயே ஜிம்மி நக்கியிடம் ஒரு வார்த்தை சொல்கிறான்: இனிமேல் பாதி ரவுடியாக இருக்க முடியாது. அதாவது கையில் ரத்தம் படாமல் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் காலம் முடிந்துவிட்டது. இரண்டு சீசன் முழுவதும் நக்கி பாதி ரவுடியாகவே இருக்கிறான். ஆணையிடுவான், வேறு யாராவது போய்ச் செய்துவிட்டு வருவார்கள். நம் கண்முன்னால் அவன் தன் கையாலேயே ஒருவனைச் சுடுவது இந்தக் காட்சியில்தான். அந்த வார்த்தையைச் சொன்னவனையே சுட்டுத்தான் அவன் முழு ரவுடி ஆகிறான். இதை எழுதியவர்கள் கடைசி நேரத்தில் திருப்பம் தேடியவர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வின்டர் அப்போது கொடுத்த பேட்டிகளில் சொன்னதும் இதுதான்: நக்கி எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும், அதற்கு அவனுக்கு மிக வேண்டிய ஒருவனை இழக்காமல் முடியாது. ஜிம்மியைத் தப்பிக்க வைக்க ஏதாவது வழி கண்டுபிடித்திருந்தால் அதுதான் ஏமாற்று வேலை ஆகியிருக்கும். தன்னைக் கொல்ல ஆள் அனுப்பியவனை நக்கி மன்னித்துச் சேர்த்துக்கொண்டான் என்றால், அதுவரை பார்த்த உலகத்தையே நம்ப முடியாது.

அதிர்ச்சிக்காகச் செய்கிற கொலை எப்போதும் எதிர்பாராத நொடியில் வரும். இங்கே தொலைபேசி மணி அடித்ததிலிருந்து துப்பாக்கி வெடிக்கும் வரை நமக்கும் தெரிகிறது, ஜிம்மிக்கும் தெரிகிறது.

அதே வருடம் நெட் ஸ்டார்க் செத்ததோடு இதை ஒப்பிடுகிறார்களே?

ஒப்பிடுவது இயல்பு. அதே எச்.பி.ஓ., அதே 2011. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் சீசனில் நெட் ஸ்டார்க்கின் தலை உருண்டது ஜூன் 12 அன்று. ஆறு மாதத்துக்குள் இன்னொரு நாயகன் போனான்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. நெட் ஸ்டார்க்கின் சாவு பல வருடம் முன்பே நாவலில் அச்சாகியிருந்தது. லட்சக்கணக்கான வாசகர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஜிம்மியைக் காப்பாற்றவோ கைவிடவோ எந்த நாவலும் இல்லை. தொடருக்கு மூலமான நெல்சன் ஜான்சனின் புத்தகம் அட்லான்டிக் சிட்டியின் வரலாறு. அதில் ஜிம்மி டார்மடி என்று யாரும் இப்படிச் சாவதில்லை. முடிவு முழுக்க எழுத்தாளர் அறையில் எடுத்தது. அதனால்தான் கோபமும் நேராக அவர்கள் மேல் வந்தது.

என்னைக் கேட்டால் ஒப்பிட வேண்டியது வேறொன்றோடு. 2004-இல் ‘தி சோப்ரானோஸ்’ என்ற மாஃபியா தொடரில் அட்ரியானா என்ற பெண்ணைக் காட்டுக்கு அழைத்துப்போய்க் கொல்லும் எபிசோட் வந்தது. பெயர் ‘லாங் டெர்ம் பார்க்கிங்’. எழுதியவர் இதே டெரன்ஸ் வின்டர், இயக்கியவர் இதே டிம் வான் பேட்டன். வின்டருக்கு அதற்காக எம்மியும் கிடைத்தது. அங்கேயும் பொய்ச் செய்தி சொல்லும் ஒரு தொலைபேசி அழைப்புதான் தூண்டில். அங்கேயும் போகிற வழியிலேயே நமக்கு வயிறு கலங்கத் தொடங்கும். ஏழு வருடம் கழித்து அதே இருவர் அதே கணக்கைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு மாற்றத்தோடு. அட்ரியானா கடைசி வரை உயிருக்குக் கெஞ்சினாள். ஜிம்மி கெஞ்சவில்லை.

நிஜ வாழ்க்கையில் நக்கி இப்படி யாரையாவது கொன்றாரா?

அப்படி எந்தப் பதிவும் இல்லை. நிஜ மனிதரின் பெயர் ஈனாக் ‘நக்கி’ ஜான்சன். 1883-இல் பிறந்தார். பல பத்தாண்டுகள் அட்லான்டிக் சிட்டியை ஆட்டிப்படைத்தார். 1941-இல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்று, நான்கு ஆண்டுகள் சிறையில் இருந்து, 1945-இல் வெளியே வந்து, 1968-இல் முதுமையில் இறந்தார். கொலைக் குற்றச்சாட்டு அவர் மேல் வந்ததில்லை.

தொடரில் குடும்பப் பெயரை ஜான்சன் என்று வைக்காமல் தாம்சன் என்று மாற்றியதற்கு இதுதான் காரணம். நிஜப் பெயரை வைத்திருந்தால் மழையில் நின்று சுடும் இந்தக் காட்சியை எழுதியிருக்கவே முடியாது. வரலாற்றை மீறிவிட்டார்கள் என்று சிலர் இந்த எபிசோடைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அல் கபோன், லக்கி லூசியானோ, அர்னால்ட் ராத்ஸ்டீன் என்று அந்தக் காலத்து நிஜக் குற்றவாளிகளின் பெயர்கள் சுற்றிலும் இருப்பதால் அந்தக் குழப்பம் வருகிறது. கபோனைத் தொடரில் கொல்ல முடியாது என்று நமக்குத் தெரியும். சரித்திரம் அவனைக் காப்பாற்றும். கற்பனைப் பாத்திரங்களுக்கு மட்டும்தான் இந்தத் தொடரில் உண்மையான ஆபத்து.

மைக்கேல் பிட்டுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தகராறு, அதனால்தான் கொன்றார்கள் என்கிறார்களே?

அப்படிப் பேச்சு இருந்தது. கதை கேட்டதால்தான் என்று வின்டர் சொல்லியிருக்கிறார். முதல் எபிசோடிலிருந்து கதை போகும் பாதையைப் பார்த்தால் அதை நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

விருதுகள் ஏதாவது கிடைத்தனவா?

2012 செப்டம்பரில் நடந்த எம்மி விழாவில், நாடகத் தொடருக்கான சிறந்த இயக்கம் இந்த எபிசோடுக்காக டிம் வான் பேட்டனுக்குக் கிடைத்தது. போட்டியில் இருந்தவை ‘பிரேக்கிங் பேட்’ நான்காம் சீசன் இறுதி எபிசோட், ‘மேட் மென்’ தொடரின் ‘தி அதர் வுமன்’, ‘ஹோம்லேண்ட்’ முதல் எபிசோட், ‘டவுன்டன் அபி’ ஆகியவை. எவ்வளவு கடுமையான வருடம் என்று பாருங்கள். சிறந்த நாடகத் தொடர் விருது ‘ஹோம்லேண்ட்’ கைக்குப் போனது.

2012 ஜனவரியில் அமெரிக்க நடிகர் சங்க விருதுகளில் இந்தத் தொடரின் நடிகர் குழுவுக்கும் ஸ்டீவ் புஸ்ஸெமிக்கும் விருது கிடைத்தது. மைக்கேல் பிட்டுக்கு எம்மியில் பரிந்துரைகூட வரவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இயக்குநருக்கு விருது வாங்கித் தந்த அந்தக் காட்சியின் பாதிக் கனத்தைச் சுமந்தவர் அவர்.

ஜிம்மி இல்லாமல் மூன்றாம் சீசன் தடுமாறியதா?

தொடக்கத்தில் ஆமாம். 1922-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கும் அந்த சீசன், ஒரு பெரிய வெற்றிடத்தைச் சத்தத்தால் நிரப்பப் பார்த்தது. ஜிப் ரோசெட்டி என்ற முன்கோபிப் பாத்திரத்தில் பாபி கேனவாலே வந்தார். சின்ன அவமானத்துக்குக்கூட ஆளைக் கொன்றுவிடுகிறவன். நடிப்பு அபாரம், 2013-இல் எம்மியும் வாங்கினார். ஆனால் ரோசெட்டி வெளியிலிருந்து வந்த எதிரி. ஜிம்மி வீட்டுக்குள்ளிருந்து வந்தவன். அந்த வேறுபாட்டை எந்த நடிப்பாலும் ஈடுகட்ட முடியவில்லை.

இழப்பை மறக்காமல் வைத்திருந்தது ரிச்சர்ட் ஹாரோதான். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடிலேயே மேனி ஹார்விட்ஸின் வீட்டு வாசலில் நின்று ஆஞ்செலாவுக்காகக் கணக்குத் தீர்க்கிறான். ஜிம்மியின் மகன் டாமியைக் கில்லியனிடமிருந்து மீட்பதற்காக அதே சீசனின் முடிவில் ஒரு வீடு முழுக்க ஆட்களோடு தனி ஆளாய் மோதுகிறான். இறந்த நண்பனின் குடும்பத்துக்காக வாழ்வது என்பதை இவ்வளவு பேச்சில்லாமல் காட்டிய பாத்திரம் அபூர்வம். ‘டு தி லாஸ்ட்’ எபிசோடைத் திட்டியவர்கள்கூட ரிச்சர்டுக்காகத் தொடரில் இருந்தார்கள்.

காலப்போக்கில் இந்த எபிசோடின் மதிப்பு மாறியதா?

சொன்ன எச்சரிக்கை இங்கேதான். இதற்குக் கீழே தொடரின் முடிவு.

மாறியது. அதற்குக் காரணம் 2014 அக்டோபர் 26 அன்று வந்த கடைசி எபிசோட் ‘எல்டொராடோ’. இயக்கியவர் மறுபடியும் டிம் வான் பேட்டன். கதை 1931-க்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடைபாதையில் போகும் நக்கியை ஓர் இளைஞன் சுடுகிறான். அந்த இளைஞன் டாமி டார்மடி, ஜிம்மியின் மகன். அதனூடே இன்னொரு காலம் ஓடுகிறது: இளம் போலீஸ்காரன் நக்கி, சிறுமி கில்லியனின் கையைப் பிடித்துக் கமோடோரிடம் போகச் சொல்லும் அந்த நாள்.

அதாவது ஜிம்மியின் மரணத்தோடு முடிந்துவிட்டதாக நாம் நினைத்த கணக்கு முடியவே இல்லை. தாயைக் கொடுத்தான், மகனைச் சுட்டான், பேரன் வந்து சுட்டான். மூன்று தலைமுறை. 2011-இல் ‘இதயத்தைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று எழுதியவர்களுக்குக்கூட, 2014-இல் திரும்பிப் பார்த்தபோது தொடரின் நடுமுள் எங்கே இருந்தது என்று தெரிந்தது. தனியாகப் பார்த்தால் துணிச்சலான ஒரு முடிவு; முழுத் தொடரோடு சேர்த்துப் பார்த்தால் மொத்தக் கதையும் அந்த மழையில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

ஐந்தாம் சீசன் எட்டே எபிசோடுகளில் அவசரமாக முடிந்தது என்ற குறை உண்டு, அது சரிதான். டாமியின் வருகைக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். ஆனாலும் பழைய எபிசோடுக்கு அது செய்த நன்மையை மறுக்க முடியாது.

இந்த எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்தால் புரியுமா?

கதை புரியும், வலிக்காது. நேரமில்லை என்றால் முதல் சீசனின் முதல் எபிசோட், பிறகு இரண்டாம் சீசனின் ஐந்தாவது (ரிச்சர்ட் காட்டுக்குள் தனியே போகும் எபிசோட், நினைவுச்சின்ன விழாவும் இதில்தான்), அப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இந்த ஐந்தையாவது வரிசையாகப் பாருங்கள். பதினொன்றாவதை வீட்டில் பெரியவர்கள், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

இரண்டாம் முறை பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

ஜிம்மியை விட்டுவிட்டு நக்கியின் மூச்சைக் கவனியுங்கள். முதல் முறை நம் கண் ஜிம்மியின் முகத்திலேயே இருக்கும். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த இடத்தில் நிதானமாக மூச்சு விடுகிறவன் ஜிம்மி ஒருவன்தான். நக்கிக்கு மூச்சு வாங்குகிறது. பொறு, மூச்சு விடு, கடந்துவிடுவாய் என்று ஜிம்மி அவனை ஆற்றுப்படுத்துகிறான், சின்ன வயதில் நக்கி அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடிய அதே குரலில்.